எஞ்சினைத் தொடாதீர்கள், முதலில் பாடியைப் பாருங்கள்

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் ரேலி ஆசை பிடித்த இளைஞர்களிடம் பேசினால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "வீட்டில பழைய எஸ்டீம் சும்மா நிக்குது சார். எஞ்சின்ல என்ன வேலை பார்த்தா ரேலிக்குப் போகலாம்?" எஞ்சினில் இப்போதைக்கு எதுவும் செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். கையில் இருக்கும் பணம் முதலில் பாடிக்குப் போகட்டும். அடுத்து ரோல் கேஜ், சீட், பெல்ட். அதன் பிறகு சஸ்பென்ஷன். இவை எல்லாம் முடிந்து மிச்சம் இருந்தால் எஞ்சினைப் பற்றிப் பேசலாம். பழைய காரைப் பொறுத்தவரை இந்த வரிசையை மாற்றவே கூடாது.

காரணம் இருக்கிறது. ஸ்டேஜ் ரேலி என்பது போக்குவரத்து நிறுத்தப்பட்ட பாதையில், ஒவ்வொரு காராக, நேரத்துக்கு எதிராக முழு வேகத்தில் ஓட்டுவது. பக்கத்தில் கோ-டிரைவர் பேஸ் நோட் எனும் பாதைக் குறிப்பை வாசிக்க, கண்ணுக்குத் தெரியாத வளைவை நம்பிக்கையோடு எடுக்க வேண்டும். இந்தியாவில் பெரும்பாலான ஸ்டேஜ்கள் மண் பாதைகள். குடும்பத்தைக் கோயிலுக்கு அழைத்துப் போவதற்காகச் செய்த ஒரு கார், ஸ்டேஜில் ஒரே நாளில் சில வருட அடியை வாங்குகிறது. குதிரைத்திறன் போதாமல் பாதியில் நிற்கும் கார்கள் குறைவு. ஸ்ட்ரட் மேல்பக்கம் கிழிந்தோ, சம்ப் உடைந்தோ, லோயர் ஆர்ம் வளைந்தோ நிற்பவைதான் அதிகம்.

எந்தக் காரை எடுக்கலாம்? 1994 முதல் 2007 வரை வந்த மாருதி எஸ்டீம் இன்னும் நல்ல தேர்வு. 1,298 சிசி எஞ்சின், சுமார் 875 கிலோ எடை, நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். நம் நாட்டு ரேலிகளில் பல ஆண்டுகள் உழைத்த கார் என்பதால் எது எங்கே உடையும் என்பது பழைய மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி. வாங்கினால் 85 குதிரைத்திறன் தரும் எம்பிஎஃப்ஐ மாடலை வாங்குங்கள். கார்புரேட்டர் வண்டியில், வேகமான வளைவிலும் குதிப்பிலும் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி எஞ்சின் திணறும். 2005-இல் வந்த முதல் ஸ்விஃப்டும் நல்ல வண்டிதான். அதே 1.3 லிட்டர் குடும்பத்து எஞ்சின். எடை கூட, பாடியின் உறுதியும் கூட. 993 சிசி ஜென் எடை குறைந்த, சுறுசுறுப்பான கார், கற்றுக்கொள்ள அருமையானது. மாருதி 800-ஐ நான் பரிந்துரைக்க மாட்டேன். தகடு மிக மெல்லியது. கேஜின் எடையே அந்த எஞ்சினுக்குப் பாரம்.

எந்த மாடலாக இருந்தாலும், பணம் கொடுக்கும் முன் எஃப்எம்எஸ்சிஐ-யின் அந்த ஆண்டு விதிப் புத்தகத்தை வாசித்துவிடுங்கள். இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பு அது. உங்கள் கார் எந்தப் பிரிவில் ஓடலாம், அந்தப் பிரிவில் எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்பதை அந்தப் புத்தகம்தான் தீர்மானிக்கும். நண்பர் சொன்னார், யூடியூபில் பார்த்தேன் என்று செய்த வேலை எல்லாம், போட்டிக்கு முன் காரைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் திரும்பி வரும்.

வெள்ளத்தில் நின்ற காரா?

நம் மாவட்டத்தில் பழைய கார் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. திண்டிவனம், விழுப்புரம் இரண்டு ஊர்களிலும் தெருக்கள் மிதந்தன. தென்பெண்ணை கரை மீறியது. அன்று தண்ணீரில் நின்ற கார்கள் கழுவி, பாலிஷ் போட்டு விற்பனைக்கு வந்திருக்கலாம். அப்படிப்பட்ட கார் கடைக்குப் போய் வர உதவும். ரேலிக்கு உதவாது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. தரை மேட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் ஃபெல்ட்டைப் பிழிந்து பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா? சீட் ரெயிலிலும் அதன் போல்ட்டிலும் துரு ஏறியிருக்கிறதா? டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் கனெக்டர் ஒன்றைக் கழற்றுங்கள். செம்புப் பகுதியில் பச்சை பூத்திருந்தால் பேசாமல் கிளம்பிவிடுங்கள். மரக்காணம் பக்கம், கடற்கரை ஓரமாகவே ஓடிய வண்டியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். உப்புக் காற்று தகட்டை உள்ளிருந்து தின்னும்.

பழைய மாருதிகளில் துரு பிடிக்கும் இடங்கள் தெரிந்தவைதான். பேட்டரி ட்ரேக்கு அடியில் ஆசிட் சொட்டிய ஏப்ரன், கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டு, டிரைவர் கால் வைக்கும் தரை, பின் சக்கர வளைவின் உட்புறம், ஸ்ட்ரட் மேலே போல்ட் ஆகும் இடம். ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். நல்ல தகடு எதிர்த்து நிற்கும். பட்டி போட்டு மூடிய இடம் பொலபொலவென்று உதிரும். ஒரு காந்தமும் சட்டைப் பையில் இருக்கட்டும். அடியில் பட்டி இருக்கும் இடத்தில் அது ஒட்டாது. அடுத்து பானெட்டைத் திறந்து ஒரு டேப்பால் இடது ஸ்ட்ரட் மேல் முனையிலிருந்து வலது முன் மூலைக்கும், வலதிலிருந்து இடது மூலைக்கும் குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் கணிசமாக வேறுபட்டால் அது பலமாக அடிபட்டு நிமிர்த்திய கார். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கூட்டைக் கட்டுவது

நல்ல வண்டி கிடைத்ததும் அவசரப்படாமல் முழுவதையும் கழற்றுங்கள். சீட், கார்ப்பெட், கதவு அட்டை, ஹெட்லைனர், தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட் எல்லாம் வெளியே வரட்டும். தார் ஷீட்டைச் சூடு காட்டிச் சுரண்ட வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான். ஆனால் அதன் அடியில்தான் வண்டியின் உண்மை நிலை தெரியும்.

கம்பெனியில் இரண்டு தகடுகளைப் புள்ளி புள்ளியாக ஸ்பாட் வெல்ட் அடித்துத்தான் இணைத்திருப்பார்கள். இருபது வருட ஓட்டத்தில் அந்தப் புள்ளிகள் தளர்ந்திருக்கும். ஓட்டும்போது ஷெல், அதாவது பாடிக் கூடு, முறுகும். ஷெல் முறுகினால் எவ்வளவு விலை உயர்ந்த ஷாக் போட்டாலும் அது தன் வேலையைச் செய்ய முடியாது. அதனால் உங்கள் பிரிவின் விதி அனுமதித்தால், தகடுகள் சேரும் ஓரங்களில் துண்டு துண்டாக வெல்ட் வைக்க வேண்டும். சுமார் 25 மி.மீ. வெல்ட், பிறகு 50 மி.மீ. இடைவெளி, மறுபடி 25. முழு நீளத்துக்கும் ஒரே இழுப்பாக ஓட்டினால் சூட்டில் தகடு கோணிக்கொள்ளும். இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி, ஆறவிட்டு அடிக்க வேண்டும். கார் நான்கு ஸ்டாண்டிலும் சமமாக உட்கார்ந்திருக்கும்போதுதான் இந்த வேலை. ஒரு பக்கம் சாய்ந்த நிலையில் வெல்ட் அடித்தால் அந்தச் சாய்வே நிரந்தரமாகிவிடும்.

முதலில் கவனிக்க வேண்டிய இடங்கள்: முன், பின் ஸ்ட்ரட் டவர்கள், லோயர் ஆர்ம் பிடிக்கும் இடம், எஞ்சின் மவுண்டிங், கியர்பாக்ஸ் மவுண்டிங். ஸ்ட்ரட் டவரின் மேல் தகட்டுக்கு மேலே அதே வடிவில் இன்னொரு தகடு வெட்டி வைத்துச் சுற்றிலும் வெல்ட் அடிப்பது பழைய, நம்பகமான முறை. தகடு 2 மி.மீ. போதும். எங்கும் கனத்தைக் கொட்டாதீர்கள். ஓர் இடத்தை மட்டும் அளவுக்கு மீறிக் கெட்டியாக்கினால் விரிசல் அதன் பக்கத்துத் தகட்டுக்கு நகரும்.

யார் வெல்ட் அடிப்பது? நம் பக்கத்துப் பட்டறைகள் டிராக்டர் டிரெய்லர் கட்டுவதில் கை தேர்ந்தவை. ஆனால் கார் தகடு ஒரு மி.மீ. கனம்கூட இருக்காது. ஆர்க் வெல்டிங் ராடு வைத்தால் ஓட்டை விழும். சிஓ2 வெல்டிங் இருக்கிற, கார் டிங்கரிங் பழகிய கையைத் தேடுங்கள். தொடங்கும் முன் பேட்டரியையும் ஈசியூ-வையும் கழற்றி வையுங்கள். பெட்ரோல் டேங்க் வண்டியிலேயே இருக்கக் கூடாது. வெல்ட் முடிந்த இடத்தில் ஜிங்க் பிரைமரும் சீம் சீலரும் போடாவிட்டால் அடுத்த ஐப்பசி மழைக்கே துரு திரும்பி வந்துவிடும்.

இப்போது ரோல் கேஜ். உள்ளூரில் சிக்கனம் பார்க்கவே கூடாத பொருள் இதுதான். கேட் செய்கிற ஜிஐ பைப்பில் கேஜ் கட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தப் பைப்பில் தையல் உண்டு. அடிபட்டால் அந்தத் தையலில்தான் பிளக்கும். மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் விஷப் புகையாகிறது. வெல்டும் பொத்தல் விழுந்து நிற்கிறது. உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ கேட்பது, குளிர்நிலையில் இழுத்த சீம்லெஸ் கார்பன் ஸ்டீல் குழாய். தலைக்குப் பின்னால் வரும் பிரதான வளையத்துக்கு வெளி விட்டம் 45 மி.மீ., கனம் 2.5 மி.மீ., அல்லது 50-க்கு 2. மற்ற குழாய்களுக்கு 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2. இழுவிசைத் தாங்குதிறன் ஒரு சதுர மி.மீ.க்குக் குறைந்தது 350 நியூட்டன். குழாய் வாங்கும்போது டெஸ்ட் சர்டிஃபிகேட் கேட்டு வாங்குங்கள். ஸ்க்ரூட்டினியில் கேட்பார்கள், கேட்காவிட்டாலும் உயிர் உங்களுடையது.

வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். வளைத்த இடத்தில் சுருக்கமோ நசுங்கலோ தெரிந்தால் அந்தக் குழாயை ஒதுக்கிவிடுங்கள். மணல் அடைத்துச் சூடு காட்டி வளைக்கும் பழைய பட்டறை முறை இதற்கு ஆகாது. கேஜின் பாதம் நேரடியாகத் தரைத் தகட்டில் உட்காரக் கூடாது. 3 மி.மீ. கனமும் 120 சதுர செ.மீ. பரப்பும் கொண்ட தகட்டை ஷெல்லில் வெல்ட் அடித்து, அதன் மேல் பிரதான வளையத்தின் பாதத்தை நிறுத்தி, ஒவ்வொரு பாதத்துக்கும் குறைந்தது மூன்று 8 மி.மீ. போல்ட்டுகளால் முடுக்க வேண்டும். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். இந்தத் தகடு இல்லையென்றால் கார் கவிழும்போது குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். கூரை தலைமேல் வந்து விழும். துரு பிடித்த தரையில் கேஜ் போட்டாலும் இதே கதைதான். பாடி முதலில் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

குறுக்குக் குழாயும் கதவுப் பக்கக் குழாய்களும் கட்டாயம். கேஜின் முன் கால்களிலிருந்து ஸ்ட்ரட் டவருக்கு ஒரு குழாய் கொண்டுபோக விதி அனுமதித்தால் தவறாமல் செய்யுங்கள். காரின் நடத்தையே மாறிப்போகும். ஹெல்மெட் படக்கூடிய இடங்களில் எல்லாம் எஃப்ஐஏ அங்கீகாரம் பெற்ற பேடிங் வேண்டும். ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஃபோம் அதற்கு ஈடாகாது.

சீட்டைக் காரின் தரையோடு நான்கு இடங்களில் 8 மி.மீ. போல்ட்டால் பிடிக்க வேண்டும். பழைய ரெயிலின் மேல் பக்கெட் சீட்டை ஏற்றி வைப்பது ஆபத்து. ஹார்னஸின் தோள் பட்டைகள் முதுகுப் பலகையிலிருந்து பின்னால் போகும் கோணம் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. 10 டிகிரி அளவே சிறந்தது. செங்குத்தாகத் தரைக்கு இழுத்துக் கட்டினால் மோதலில் முதுகெலும்பு நசுங்கும். இடுப்புப் பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். பெல்ட்டுக்கும் சீட்டுக்கும் காலாவதி ஆண்டு உண்டு. பழைய ஹெல்மெட்டும் பழைய பெல்ட்டும் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அவை என்ன அடி வாங்கியிருக்கின்றன என்பது வெளியே தெரியாது. கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியும் இதே பட்டியலில் வரும். கோ-டிரைவருக்கும் இதெல்லாம் அதே தரத்தில் வேண்டும். உங்களை நம்பிப் பக்கத்தில் உட்காரும் நண்பருக்கு மட்டமான பெல்ட் போடுவது நியாயமே இல்லை.

நம் மண் சொல்லும் சஸ்பென்ஷன்

வானூர், திருவக்கரை பக்கம் செம்மண். காய்ந்தால் கல்லாக இறுகி, மேலே உருண்டைக் கற்கள் உதிர்ந்து கிடக்கும். டயருக்குப் பிடிமானம் குறையும். ஒரு மழை பெய்தால் அதே மண் வழவழவென்று வழுக்கும். கல் குவாரிகளை ஒட்டிய வழிகளில் லாரிகள் சிந்திய ஜல்லி டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். செஞ்சி பக்கம் போனால் மண்ணுக்குள் புதைந்த பாறை முனைகள் சம்புக்காகக் காத்திருக்கும். கோவை, சென்னை ரேலிகளின் மண் பாதைகளிலும் இப்படிப்பட்ட கலவையை எதிர்பார்த்தே காரைத் தயார் செய்ய வேண்டும்.

அதனால் சம்ப் கார்டு 5 அல்லது 6 மி.மீ. அலுமினிய அலாய் தகடாக இருக்கட்டும். கியர்பாக்ஸையும் சேர்த்து மூட வேண்டும். பெட்ரோல் குழாயையும் பிரேக் குழாயையும் காரின் அடியிலிருந்து எடுத்து, விதிப்படி உறை போட்டு உள்ளே கொண்டுவருவது நல்லது. சாலைக் காரின் உயரத்தைவிட 20, 30 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். அதற்கு மேல் தூக்கினால் ஆக்சில் ஜாயிண்ட்டின் கோணம் கெட்டு, பூட் கிழிந்து, மண் உள்ளே புகும்.

ஸ்பிரிங்கை மட்டும் கெட்டியாக்குவது நம் பட்டறைகளில் வழக்கம். அது பாதி வேலைகூட இல்லை. கெட்டி ஸ்பிரிங்கை அடக்கத் தெரியாத சாதாரண ஷாக் சில கிலோமீட்டரில் சூடாகி, உள்ளே எண்ணெய் நுரைத்து, வேலையை நிறுத்திவிடும். பிறகு கார் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும். சக்கரம் தரையில் இல்லாதபோது ஸ்டீயரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. எஞ்சினுக்கென்று ஒதுக்கிய பணத்தை ரேலிக்கென்றே செய்த நல்ல டேம்ப்பர்களில் போடுங்கள். அதே எஞ்சினோடு ஒரு கிலோமீட்டருக்குப் பல நொடிகள் மிச்சமாகும். புஷ், பால் ஜாயிண்ட், எஞ்சின் மவுண்டிங் ரப்பர் எல்லாம் புதிதாக மாற்றுங்கள். பாடி பாகங்களுக்கும் கண்ணாடிக்கும் சென்னை புதுப்பேட்டைக்குப் போகலாம். ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன் தொடர்பான எதையும் அங்கே வாங்க வேண்டாம்.

எஞ்சினைப் பொறுத்தவரை ஆரோக்கியம் போதும். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஹோஸ்கள் புதிது. ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்து வையுங்கள். நம் சித்திரை வெயிலில் குறைந்த வேகத்தில் ஏறும் ஸ்டேஜ் எந்த எஞ்சினையும் சோதித்துவிடும். ஏர் ஃபில்டர் பெட்டியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் செம்மண் தூசு உள்ளே போய் சிலிண்டரைத் தேய்த்துவிடும். பிரேக் ஆயிலை முழுதாக மாற்றி டாட் 4 ஊற்றுங்கள். ஒயரிங்கில் ஒட்டுப்போட்ட இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. காருக்குள்ளிருந்தும் வெளியிலிருந்தும் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் கட்-ஆஃப் ஸ்விட்ச், நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் அடையாளத்தோடு, கண்ணில் படும்படி இருக்க வேண்டும். தீயணைப்பானும் அப்படியே.

காகிதமும் சாலையும்

ஸ்டேஜுக்கும் ஸ்டேஜுக்கும் நடுவே ரேலி கார் பொதுச் சாலையில்தான் போகிறது. ஆர்சி உயிரோடு இருக்க வேண்டும். கடைசியாக வந்த எஸ்டீமுக்கே 15 வயது தாண்டிவிட்டது. அதனால் ஆர்டிஓ-வில் புதுப்பித்த ஆர்சியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டப்படி மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே கேஜ் போட்ட காரைத் தினசரி ஓட்ட நினைக்காதீர்கள். ரேலிக்கு டிரெய்லரில் கொண்டுபோங்கள். வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசி பந்தயத்தில் நேரும் சேதத்தை ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியமானது. புது ஷாக்கை ஏரிக்கரையிலோ கிராமத்து வண்டிப்பாதையிலோ சோதித்துப் பார்க்காதீர்கள். அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வேகப் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவது 189-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம் ஊரில் எந்த மண் பாதையிலும் எந்த நேரத்திலும் ஆடு ஓட்டிக்கொண்டு ஓர் அம்மா வருவார், பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் அருகே, மார்ஷல்கள் நின்ற தேசிய ரேலியின் ஸ்டேஜுக்குள்ளேயே ஒரு பைக் நுழைந்து ஒரு குடும்பத்தில் மூவர் இறந்தார்கள். மூடிய பாதையிலேயே இப்படி என்றால் திறந்த பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சோதனை ஓட்டத்துக்கு வேலி போட்ட தனியார் நிலம் வேண்டும். உரிமையாளரின் அனுமதியும் ஆம்புலன்ஸ் ஏற்பாடும் வேண்டும்.

கேஜுக்கும் சீட்டுக்கும் இந்த ஆண்டு பணம் போதவில்லையா? அரைகுறையாகக் கட்டி இறங்காதீர்கள். டிஎஸ்டி ரேலிகள் இருக்கின்றன. திறந்த சாலையில், சொன்ன சராசரி வேகத்தில், சொன்ன நேரத்துக்கு வந்து சேரும் போட்டி அது. கேஜ் தேவையில்லை, உங்கள் எஸ்டீம் இப்போது இருக்கும் நிலையிலேயே போகலாம். கோ-டிரைவரோடு ஒத்துப்போகவும், நேரக் கட்டுப்பாட்டைப் பழகவும் அதைவிட நல்ல பள்ளி இல்லை. 1953 முதல் இயங்கும் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் தென்னிந்திய ரேலிக்கு மார்ஷலாகப் பெயர் கொடுங்கள். அந்தக் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை, திண்டிவனத்திலிருந்து இரண்டு, மூன்று மணி நேரப் பயணம்தான். சர்வீஸ் பார்க்கில் நின்று, ஸ்டேஜ் முடித்து வரும் ஒவ்வொரு காரின் அடியிலும் குனிந்து பாருங்கள். எங்கே வளைந்திருக்கிறது, எங்கே கிழிந்திருக்கிறது என்று மெக்கானிக்குகளிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு உங்கள் காரைக் கழற்றத் தொடங்குங்கள்.